நாலு உச்சியும் ஆறு பாலமும்

“சேர், இதில பத்து உச்சி இருக்கு. நீங்க நாலு எண்டு சொல்றீங்க.”

முன்வாங்கில் இருந்த பிள்ளை நான் கொடுத்த ரியூட்டை, பாடக்குறிப்புத் தாளை, தூக்கிக் காட்டினாள். வாங்கிப் பார்த்தேன். அவள் எண்ணினது சரிதான். முதல் நாள் இரவு ஒரு மணி வரை முழித்திருந்து நான் வரைந்த படத்தில், ஒரே அளவில் ஒரே தடிப்பில் பத்து வட்டங்கள். அதில் நாலுதான் உச்சி. மற்ற ஆறும் பாலங்களின் இலக்கங்கள். அவையும் வட்டம் போட்டுக்கொண்டு உச்சிகளோடு உச்சிகளாக உட்கார்ந்திருந்தன.

மட்டக்களப்பு நகரத்தில் சனிக்கிழமைகளில், பல்கலைக்கழக முதலாம் வருடப் பிள்ளைகள் கொஞ்சப் பேருக்கு வரைபுக் கோட்பாடு, அதாவது புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய கணிதம், சொல்லிக்கொடுக்கிறேன். கோட்டுரு, முனை என்றும் தமிழில் எழுதுகிறார்கள். எங்கள் வகுப்பில் வரைபு, உச்சி, விளிம்பு. இந்தப் பாடத்தை எல்லோரும் தொடங்குகிற இடம் கோனிக்ஸ்பேர்க் நகரத்தின் ஏழு பாலங்கள். ஒரு பாலத்தை ஒரு தரத்துக்கு மேல் மிதிக்காமல் ஏழையும் கடக்க முடியுமா என்ற கேள்விக்கு, முடியாது என்று 1736இல் கணிதவியலாளர் ஒய்லர் காட்டினார். நிலத்துண்டு ஒவ்வொன்றும் ஓர் உச்சி, பாலம் ஒவ்வொன்றும் ஒரு விளிம்பு. ஓர் உச்சியில் வந்து சேரும் விளிம்புகளின் எண்ணிக்கை அதன் படி. படி ஒற்றையெண்ணாக இருக்கும் உச்சிகள் இரண்டுக்கு மேல் இருந்தால் அப்படி ஒரு நடை கிடையாது. கோனிக்ஸ்பேர்க்கில் நாலு உச்சியுமே ஒற்றை: ஒன்றின் படி 5, மற்ற மூன்றுக்கும் 3.

வாவிக்கரையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாலம் காட்ட ஐரோப்பாவுக்கு ஏன் போவான் என்று தோன்றியது. புளியந்தீவு, கோட்டைமுனை, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று நாலு உச்சி எடுத்தேன். புளியந்தீவிலிருந்து கோட்டைமுனைக்குக் கோட்டைமுனைப் பாலம். கோட்டைமுனைப் பக்கத்திலிருந்து எழுவான்கரைக்குக் கல்லடியில் இரண்டு: 1924இல் கட்டிய லேடி மனிங் பாலம், அதன் தோளோடு தோளாக 2013இல் திறந்த புதுப் பாலம். கோட்டைமுனைப் பக்கத்திலிருந்து படுவான்கரைக்கு வலையிறவுப் பாலம். எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு மண்முனைப் பாலமும் பட்டிருப்புப் பாலமும். ஊரில் பாலம் இன்னும் இருக்கிறது, சுற்றிப் போகத் தரைவழியும் இருக்கிறது. வகுப்புக்கு இந்த ஆறு போதும்.

பேனையால் கீறினால் ஐந்து நிமிட வேலை. ஆனால் என் குறிப்புகள் எல்லாம் லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் இருக்கின்றன. அதனால் படத்தையும் அதற்குள் இயங்கும் டிக்ஸில் வரைய வேண்டும் என்று ஒரு பிடிவாதம். டில் டான்டாவ் தொடங்கிய பொதி இது. ‘டிக்ஸ் வரையும் மென்பொருள் அல்ல’ என்ற ஜெர்மன் வாசகத்தைச் சுருக்கித்தான் அதற்குப் பேரே வைத்திருக்கிறார். மவுஸைப் பிடித்து இழுக்க எதுவும் கிடையாது. இன்ன இடத்தில் ஒரு நோட் (எழுத்து வைக்கும் ஓர் உருவம்), அதன் பேர் இது, அதற்குள் எழுத்து இது, இதிலிருந்து அதற்கு ஒரு கோடு என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

பத்து உச்சி வந்த கதை இதுதான். நாலு நோட்டுக்கும் தனித்தனியாக ‘சேர்க்கிள்’, ‘ட்ரோ’ என்று எழுதப் பஞ்சிப்பட்டு, படத்தின் தலையில் ‘எவ்ரி நோட்’ என்ற ஸ்டைலில் இரண்டையும் ஒரேயடியாகப் போட்டேன். ‘எவ்ரி நோட்’ என்றால் டிக்ஸ் உண்மையிலேயே ஒவ்வொரு நோட்டையும் எடுத்துக்கொள்ளும். கோட்டின் நடுவில் நாம் எழுதும் இலக்கமும் அதன் கணக்கில் ஒரு நோட். ஆகவே அதற்கும் வட்டம். எனக்கு அது வெறும் எழுத்து, அந்தப் பிள்ளைக்கு அது உச்சி. படத்தில் இருப்பதைத்தானே அவள் எண்ணுவாள்?

அன்றிலிருந்து ‘எவ்ரி நோட்’டில் எழுத்தின் அளவைத் தவிர வேறு எதையும் வைப்பதில்லை. வட்டமும் கோடும் வேண்டும் என்றால் ‘உச்சி’ என்று சொந்தமாக ஒரு ஸ்டைல் செய்து, உச்சிகளுக்கு மட்டும் அதைக் கொடுக்கிறேன். பாலத்தின் இலக்கத்துக்கு ‘பாலஎண்’ என்று இன்னொன்று: வட்டம் இல்லை, வெள்ளை நிரப்பல், எழுத்தைச் சுற்றி விடும் இடைவெளி (இன்னர் செப்) 1 பொயின்ற். வெள்ளை நிரப்பல் எதற்கென்றால், இலக்கம் கோட்டின் மேலேயே உட்காரும்போது பின்னால் இருக்கும் கோட்டைக் கொஞ்சம் மறைத்துவிடும், இலக்கம் பளிச்சென்று தெரியும். ஸ்டைலுக்குத் தமிழிலேயே பேர் வைக்கலாம். தமிழ் எழுத்துக்காக நான் பாவிக்கும் லேடெக் வகையான ஸீலேடெக் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிறது.

நோட்டுக்கும் தமிழில் பேர் வைக்கலாம். ஒரு கவனம் மட்டும். நான் முதலில் ஒரு நோட்டுக்கு ‘பு.தீவு’ என்று பேர் வைத்தேன். கோடு இழுக்கப் போனால், ‘பு’ என்று பேருள்ள உருவம் எதுவும் தெரியாது என்று டிக்ஸ் சொல்கிறது. பேரின் நடுவில் புள்ளி வந்தால், முன்னால் இருப்பது நோட், பின்னால் இருப்பது அந்த நோட்டில் கோடு தொட வேண்டிய இடம் என்று அது பிரித்துவிடும். மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளியால் தொல்லை இல்லை. இங்கிலீஷ் முற்றுப்புள்ளிதான் கூடாது. காற்புள்ளியும் கூடாது.

அடுத்த கிழமை படம் திருத்தமாக வந்தது. நாலே நாலு வட்டம். உள்ளே பு, கோ, எ, ப. ஆனால் ஒவ்வொரு வட்டமும் ஒவ்வோர் அளவு. ‘ப’ சின்னதாக, ‘கோ’ பூசணிக்காய் மாதிரி. ஒரு பொடியன் கேட்டான், “கோட்டைமுனையிலதான் சனம் கூடவா சேர்?” பகிடிக்குத்தான் கேட்டான். கேள்வி பகிடி இல்லை. வட்டம் பெரிதாக இருந்தால் கண் அதற்கு ஒரு காரணம் தேடும். வரைபில் உச்சியின் பருமனுக்கு ஓர் அர்த்தமும் இல்லை என்று வாயால் சொல்லிவிட்டு, கையால் ஒன்றைப் பெரிதாக வரைந்து கொடுத்தால் யார் நம்புவார்கள்?

காரணத்தைத் தோண்டியபோதுதான் நோட்டின் உள்கட்டு எனக்குப் பிடிபட்டது. டிக்ஸ் முதலில் எழுத்தைச் சுற்றி ஒரு பெட்டி கட்டும். அதன் நாலு பக்கமும் இன்னர் செப் என்ற இடைவெளியைச் சேர்க்கும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது எம் என்ற, எழுத்தின் அளவோடு மாறும் அலகில் மூன்றில் ஒன்று, 10 பொயின்ற் எழுத்தில் ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர். பிறகு அந்தப் பெட்டியின் நாலு மூலையையும் தொடுகிற மாதிரி வட்டம் போடும். ஆக, வட்டத்தின் விட்டம் பெட்டியின் மூலைவிட்டம். ‘கோ’வில் கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பெட்டி அகலம், வட்டம் ஊதிவிடுகிறது. இங்கிலீஷ் எழுத்தோ ஒற்றை இலக்கமோ போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவுக்கு வராது. அவர்களுக்கு 9 போய் 10 வரும்போதுதான் தெரியவரும்.

மினிமம் சைஸ் 9 மில்லிமீற்றர் என்று போட்டேன். ப, எ, பு மூன்றும் ஒரே அளவுக்கு வந்தன. ‘கோ’ இன்னும் பெரிசு. மினிமம் என்பது கீழெல்லை மட்டும்தான், உள்ளே இருப்பது அதைவிடப் பெரிதாக இருந்தால் நோட் வளரத்தான் செய்யும். இன்னர் செப்பைப் பூச்சியமாக்கிய பிறகுதான் ‘கோ’ அடங்கியது. இப்போது என் ‘உச்சி’ ஸ்டைலில் இவை இரண்டும் எப்போதும் சோடியாக இருக்கும்: இன்னர் செப் பூச்சியம், மினிமம் சைஸ் 10 மில்லிமீற்றர்.

அளவு சரி. அப்புறம் ‘பு’ மட்டும் வட்டத்துக்குள் கொஞ்சம் மேலே ஏறி நின்றது. உகரத்தின் வால் கீழே இறங்குகிறது. டிக்ஸ் வாலையும் சேர்த்து அளந்து நடுவில் வைக்கும். அதனால் எழுத்தின் உடம்பு மேலே தள்ளப்படுகிறது. பக்கத்தில் இருக்கும் ‘ப’வோடு ஒப்பிட்டால் பல்லுக் கோணின மாதிரி இருக்கும். இதற்கு ‘டெக்ஸ்ட் ஹைட்’, ‘டெக்ஸ்ட் டெப்த்’ என்று இரண்டு இருக்கின்றன. எல்லா எழுத்துக்கும் உயரம் இவ்வளவு, கீழிறக்கம் இவ்வளவு என்று நாமே அடித்துச் சொல்லிவிடுவது. அப்போது அது அளக்காது, எல்லாம் ஒரே கோட்டில் நிற்கும். என் எழுத்துருவுக்கு உயரம் ஒன்றரை எக்ஸ், இறக்கம் அரை எக்ஸ் பொருந்தியது (எக்ஸும் எம் மாதிரி ஓர் எழுத்தளவு அலகு). எழுத்துருவுக்கு எழுத்துரு இது மாறும், போட்டுப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

தமிழ் எழுத்து உள்ளே வருகிறவர்களுக்கு இன்னொன்று. ஸீலேடெக்கில் எழுத்துருவைக் கூப்பிடும்போது ‘ஸ்கிரிப்ட்’ என்பதற்குத் ‘தமிழ்’ என்று கொடுக்க மறந்தால், கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். நான் இதை டிக்ஸின் பிழை என்று நினைத்து அரை நாளை வீணாக்கினேன். டிக்ஸுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இனி நிறக் கதை. ஒற்றைப்படி உச்சிகளைப் பிள்ளைகள் பார்த்தவுடனேயே பிடிக்க வேண்டும் என்று ஒற்றைக்கு இளஞ்சிவப்பு, இரட்டைக்கு இளநீலம் பூசினேன். சிவப்பு 30 வீதம், நீலம் 20 வீதம், மிச்சம் வெள்ளை. லெப்டொப் திரையில் கோயில் திருவிழா மாதிரி இருந்தது. ரியூட் அடிப்பது வழமையான கொமியூனிகேஷன் கடையில். கறுப்பு வெள்ளை மட்டும்தான், கலர் கொப்பி எங்களுக்குக் கட்டாது. முதல் தாள் வெளியே வந்ததும் மெசினில் நின்ற அண்ணன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எல்லாம் ஒரே சாம்பல்தானே தம்பி. சரியா?”

சரியில்லை. நாலு வட்டமும் ஒரே சாம்பல். மெசினில் பிழை இல்லை, கணக்கே அப்படித்தான். நிறத்தைச் சாம்பலாக்கும் வழமையான வாய்பாட்டில் சிவப்புக்கு 0.3, பச்சைக்கு 0.59, நீலத்துக்கு 0.11 என்று பங்கு. நான் எடுத்த இளஞ்சிவப்பு அந்தக் கணக்கில் 0.79, இளநீலம் 0.82. கண்ணுக்கு எட்டாத வித்தியாசம். வீட்டுக்குப் போன பிறகு கடதாசியில் போட்டுப் பார்த்தபோது, நானே தேடிப் பிடித்தாலும் இவ்வளவு பொருத்தமான சோடி கிடைத்திருக்காது என்று சிரிப்பு வந்தது.

சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. அந்தத் தவணைக் குறிப்பில் 23 படங்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் உச்சிக்கும் நிறத்தை நேரடியாக எழுதியிருந்தேன். ஒன்றைச் செய்து, வெட்டி ஒட்டி, வெட்டி ஒட்டி. இடையிடையே 30 என்பது 35 ஆகவும் 25 ஆகவும் வேறு மாறியிருந்தது. தேடி மாற்றும் வசதியும் கை கொடுக்கவில்லை. ஏனென்றால் சில படங்களில் சிவப்பு என்பது ஒற்றைப்படி, சிலவற்றில் தொடக்க உச்சி, ஒன்றில் சும்மா வடிவுக்கு. எந்தச் சிவப்பு எந்தச் சிவப்பு என்று எனக்கே தெரியவில்லை. ஒரு ஞாயிறு முழுக்க அதற்கே போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஸ்டைல்களுக்குப் பேர் மாற்றினேன். ‘சிவப்புவட்டம்’ என்று ஒன்றும் இல்லை. ‘ஒற்றை’, ‘இரட்டை’, ‘தொடக்கம்’, ‘போய்வந்தது’. அந்த உச்சி கணக்கில் யார் என்பதுதான் பேர். அது சிவப்பா, இரட்டைக் கோடா என்பது வேறோர் இடத்தில், ‘டிக்ஸ்செட்’ என்ற கட்டளைக்குள், ஒரே ஒரு தரம். ‘ஒற்றை’ என்பது ‘உச்சி’யை முதலில் வாங்கிக்கொண்டு தன்னுடையதை மேலே சேர்க்கும், அதனால் அளவை மாற்ற வேண்டுமானால் ‘உச்சி’யில் மட்டும் கை வைத்தால் போதும். பழைய கோப்புகளில் ‘டிக்ஸ்ஸ்டைல்’ என்ற கட்டளையைப் பார்ப்பீர்கள். இன்னும் வேலை செய்யும். ஆனாலும் புதிதாக எழுதுகிறவர்கள் ‘டிக்ஸ்செட்’டுக்கே போங்கள்.

இப்போது என்னிடம் இரண்டு ஸ்டைல் கோப்புகள் இருக்கின்றன. ஒன்று கொப்பிக்கு, ஒன்று புறொஜெக்டருக்கு. இரண்டிலும் பேர்கள் ஒன்றே. படக் கோப்பைத் தொடுவதில்லை. எந்த ஸ்டைல் கோப்பை மேலே கூப்பிடுகிறேனோ அதற்கேற்ற உடுப்பைப் போட்டுக்கொண்டு அதே படம் வரும்.

கொப்பிக் கோப்பில் நிறமே கிடையாது. சாம்பல் நிரப்பலும் கிடையாது. 20 வீதக் கறுப்பு லேசர் பிறின்ற்றில் நன்றாக இருக்கும், அதைக் கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியைப் பிள்ளைகள் இன்னொரு கொப்பி எடுத்தால் மணல் தூவின மாதிரி ஆகிவிடும். கோலம், சரிகோடு போன்ற நிரப்பல்களும் எழுத்தைத் தின்றுவிடும். கொப்பிக்குக் கொப்பி தப்பி வருவது கோடுதான். அதனால் ஒற்றைப்படிக்கு இரட்டை வட்டம். அதிலும் ஒரு சறுக்கல்: ‘டபிள்’ என்று மட்டும் போட்டால் இரண்டு கோட்டுக்கும் நடுவில் டிக்ஸ் தானாக விடும் வெளி 0.6 பொயின்ற், அதாவது 0.2 மில்லிமீற்றர். திரையில் இரட்டை, கொப்பியில் ஒரு தடித்த கோடு. டபிள் டிஸ்டன்ஸை 1.5 பொயின்ற் ஆக்கினேன். அப்போது நின்றது. சாதாரணக் கோட்டின் தடிப்பும் தானாக 0.4 பொயின்ற்தான் வரும். அதையும் ‘திக்’ என்று 0.8க்கு ஏற்றிவிட்டேன்.

எல்லா வரைபுக்கும் எழுத்தை உள்ளே வைத்த பெரிய வட்டம் சரிவராது. பீட்டர்சன் வரைபு என்று ஒன்று, 10 உச்சி, 15 விளிம்பு, வெளியே ஐங்கோணம், உள்ளே ஐந்து முனை நட்சத்திரம். 10 மில்லிமீற்றர் வட்டங்களை வைத்தால் நட்சத்திரமே தெரியாது. அதற்கு ‘பொட்டு’ என்று ஒரு ஸ்டைல்: உள்ளே எழுத்தில்லாத, கறுப்பு நிரப்பிய சின்ன வட்டம், பேர் வெளியே. இன்னர் செப் 1.5 பொயின்ற் என்றால் பொட்டின் விட்டம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர். மூலைவிட்டக் கணக்கை இங்கேயும் மறக்காதீர்கள்.

பேரை வெளியே வைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. உச்சிகளை 72 பாகை இடைவெளியில் சுற்றி வைக்கிறோம் அல்லவா? ‘லேபிள்’ என்ற விருப்பத்துக்கும் அதே பாகையைக் கொடுத்தால் ஒவ்வொரு பேரும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தானே போய் உட்காரும். மேலே, கீழே, இடப்பக்கம் என்று பத்துத் தரம் எழுத வேண்டியதில்லை. ஆனால் பொட்டு வைக்கும்போது கோடுகள் குறுக்கே வெட்டும் இடங்களையும் பாருங்கள். உள்நட்சத்திரத்தில் ஐந்து வெட்டு. உச்சிப் பொட்டு மிகச் சின்னதாக இருந்தால், கொப்பியில் மை ஊறி அந்த வெட்டுகளும் பொட்டு மாதிரித் தெரியும். பத்து உச்சி என்று சொல்லிப் பதினைந்து உச்சி கொடுக்க எனக்கு இன்னொரு தரம் மனமில்லை. கோட்டை மெல்லியதாக்கி, பொட்டின் இன்னர் செப்பை 2 பொயின்ற்றுக்கு ஏற்றினேன்.

படம் பக்கத்துக்குள் அடங்கவில்லை என்றால் எல்லோரும் முதலில் ‘ஸ்கேல்’ போடுவார்கள். நானும் போட்டேன். உச்சிகளுக்கு நடுவிலான தூரம் சுருங்கும், வட்டம் சுருங்காது, ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும். ‘டிரான்ஸ்ஃபோம் ஷேப்’ சேர்த்தால் வட்டமும் சுருங்கும், கூடவே எழுத்தும். பாதி அளவில் தமிழ் எழுத்து கண்ணாடி போட்டவர்களுக்கே கஷ்டம். நான் உச்சிகளின் இடங்களையே நெருக்கி எழுதிவிடுகிறேன்.

கல்லடியின் இரண்டு பாலங்கள் சோடி விளிம்பு. நேர்கோடாகப் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒன்றாகிவிடும். ஒன்றுக்கு ‘பெண்ட் லெப்ட்’, மற்றதற்கு ‘பெண்ட் ரைட்’. தானாக 30 பாகை வளையும், எனக்கு 15 போதும். நிஜத்தில் அவை அவ்வளவு கிட்டத்தானே நிற்கின்றன.

வரியின் முடிவில் அரைப்புள்ளி மறந்தால் டிக்ஸ் ஒரு செய்தி சொல்லும்: இந்தப் பாதையைக் கைவிடுகிறேன், அரைப்புள்ளியை மறந்துவிட்டீரா? 2014இல் பாலம் வரும்வரை மண்முனைத் துறையில் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்குக் காத்திருந்த சனத்துக்கு அந்த வசனத்தின் முதல் பாதி நன்றாக விளங்கும்.

போன மாதம் பாலப் படத்தை மூன்றாம் தரமாகக் கொண்டுபோனேன். புளியந்தீவுக்கும் படுவான்கரைக்கும் இரட்டை வட்டம், படி 1, படி 3. மற்ற இரண்டுக்கும் ஒற்றை வட்டம், படி 4. அண்ணன் முதல் தாளை எடுத்துப் பார்த்தார். மெசின் ஓடிக்கொண்டிருந்தது.

“இது என்ன, எங்கட பாலமா?”

ஒரு பாலத்தில் ஒரு தரம்தான் போகலாம், ஆறிலும் போக வேண்டும் என்றேன். அவர் தாளை மெசினின் மேல் வைத்து, சுட்டுவிரலைப் புளியந்தீவின் இரட்டை வட்டத்தில் வைத்தார். கோட்டைமுனை. புதுப் பாலத்தால் கல்லடி. பழைய பாலத்தால் திரும்ப. வலையிறவால் அங்கால். மண்முனையால் இங்கால். பட்டிருப்பால் திரும்பவும் அங்கால். விரல் படுவான்கரையின் இரட்டை வட்டத்தில் நின்றது. ஆறும் முடிந்துவிட்டது.

விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தார். “அது சரி தம்பி, இனி வீட்ட எப்பிடி வாற?”